ஆள் குறைந்த பச்சை: அயர்லாந்தின் அன்றாடத்துக்குப் பின்னால் இருப்பவை

அயர்லாந்துக்குப் போய் வந்தவர்களின் போனை வாங்கிப் பார்த்தால் படங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். பச்சைப் புல்வெளி, சாம்பல் நிறக் கல் சுவர், நாலு ஆடு, கூரையில்லாத பழைய வீடு ஒன்று, எந்த நேரமும் கொட்டத் தயாராக நிற்கும் மேகம். ஆள் மட்டும் இருக்க மாட்டார். என் போனிலும் அதே கதைதான். மேற்குக் கரையில் மேயோ, கால்வே பக்கம் காரில் போனால் இந்தக் காட்சி மணிக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும், நாமும் "என்ன ஒரு அமைதி" என்று சொல்லிக்கொண்டே எடுத்துத் தள்ளுவோம். ஆனால் அது தானாக அமைந்த அமைதி என்று நினைத்துவிட வேண்டாம். ஒரு காலத்தில் இதே மேற்குப் பகுதியில் ஜனங்கள் நெருக்கியடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள்.

1841 கணக்கெடுப்பின்படி தீவு முழுவதும் சேர்த்து ஏறக்குறைய 82 லட்சம் பேர். 2022-ல் அயர்லாந்துக் குடியரசில் 51.5 லட்சம், பிரிட்டனோடு இருக்கும் வட அயர்லாந்தில் அதற்கு முந்தைய ஆண்டு எடுத்த கணக்கில் 19 லட்சம். கூட்டினால் 71 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 180 ஆண்டுகளில் ஐரோப்பாவின் மற்ற நாடுகளெல்லாம் பெருகிக்கொண்டே போக, இங்கே மட்டும் பழைய எண்ணிக்கையை இன்னும் எட்டிப்பிடிக்க முடியவில்லை. மேயோ கவுண்டியில் (கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி) 1841-ல் 3.88 லட்சம் பேர், 2022-ல் 1.38 லட்சம். லீட்ரிம் இன்னும் மோசம், 1.55 லட்சம் பேர் இருந்த இடத்தில் இப்போது 35,000 பேர். இறந்தவர் பட்டியலை ரேடியோவில் வாசிப்பது, புதிதாகப் பார்ப்பவரிடம் முதலில் ஊரை விசாரிப்பது, சம்பளமே இல்லாத ஆட்டக்காரர்களைப் பார்க்க 82,000 பேர் கூடுவது என்று அங்கே நமக்கு விநோதமாகத் தெரிகிற பழக்கங்கள் பல உண்டு. இந்தக் கணக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் அவை பிடிபடுகின்றன என்பது என் எண்ணம்.

பஞ்சத்தைப் பற்றி எல்லோருக்கும் ஓரளவு தெரியும்: உருளைக்கிழங்கு அழுகியது, மக்கள் செத்தார்கள், மிச்சம் பேர் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். ஏன் உருளைக்கிழங்கை மட்டும் நம்பி இருந்தார்கள் என்பதுதான் விஷயம். நிலம் பெரும்பாலும் ஆங்கிலேய வழிவந்த பண்ணையார்கள் கையில். குடியானவன் பயிர் செய்த தானியமும் வளர்த்த பன்றியும் குத்தகைக்குப் போய்விடும். சாப்பாட்டுக்கு ஒதுக்கிய துண்டு நிலத்தில், மோசமான மண்ணிலும் அதிக விளைச்சல் தரக்கூடியது உருளைக்கிழங்கு ஒன்றுதான். உடலுழைப்புச் செய்கிற ஓர் ஆண் நாளுக்கு 5 கிலோவுக்கு மேல்கூட அதைச் சாப்பிட்டிருக்கிறார். மூன்று வேளையும் அதுவே, கூட மோர் கிடைத்தால் உண்டு. அதிலும் லம்பர் என்ற ஒரே ரகத்தைத்தான் ஏழைகள் பெரும்பாலும் நட்டார்கள். 1845 இலையுதிர் காலத்தில் கருகல் நோய் வந்தது, 1846-ல் ஏறக்குறைய மொத்த விளைச்சலும் போயிற்று. துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் இங்கிலாந்துக்குப் போய்க்கொண்டுதான் இருந்தன. 1852 வரைக்குமான காலத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள், அதற்கும் அதிகமானோர் நாட்டை விட்டே போனார்கள்.

சரி, கூரை எங்கே போனது? இங்கேதான் சட்டம் வருகிறது. 4 பவுண்டும் அதற்குக் கீழும் மதிப்பிடப்பட்ட சின்னக் குத்தகை நிலங்களுக்கான ஏழை நிவாரண வரியைக் குத்தகைக்காரன் கட்ட வேண்டியதில்லை, பண்ணையார் கட்ட வேண்டும். பஞ்சத்தில் நிவாரணச் செலவு ஏற ஏற வரியும் ஏறியது. ஏழைக் குடும்பங்களை வெளியேற்றிவிட்டால் அந்தச் சுமை குறையும். வெளியேற்றினால் மட்டும் போதாது, ராத்திரியோடு ராத்திரியாகத் திரும்ப வந்து குடியேறிவிடுவார்கள், அதனால் கூரையை இடித்துத் தள்ளினார்கள். 1847-ல் வந்த இன்னொரு விதி இதற்கு வசதி செய்து கொடுத்தது. கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருப்பவனுக்கு நிவாரணம் கிடையாது. கஞ்சி வேண்டுமென்றால் நிலத்தை விடு, நிலம் வேண்டுமென்றால் பட்டினி கிட. அந்த விதியைக் கொண்டுவந்தவர் வில்லியம் கிரெகரி என்ற நாடாளுமன்ற உறுப்பினர். பெயர் எங்கேயோ கேட்டது போல இருக்கிறதா? நுவரெலியாவில் படகு விடுகிறார்களே, அந்த கிரெகரி ஏரி இவர் பெயரில்தான் இருக்கிறது. 1872 முதல் 1877 வரை இலங்கையின் ஆளுநர். கொழும்பு அருங்காட்சியகமும் இவர் காலத்து வேலைதான்.

இவரோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொரு பெயர் சார்லஸ் ட்ரெவல்யன். பஞ்ச காலத்தில் லண்டன் கருவூலத்தில் உட்கார்ந்து நிவாரணப் பணத்தின் பிடியைக் கையில் வைத்திருந்த அதிகாரி. சந்தையில் அரசு தலையிடக் கூடாது, இலவசமாகக் கொடுத்தால் சோம்பேறியாகிவிடுவார்கள் என்ற கொள்கைக்காரர். அயர்லாந்தின் விளையாட்டு மைதானங்களில் ஆயிரக்கணக்கானோர் எழுந்து நின்று பாடுகிற ஒரு பாட்டில் இன்றைக்கும் அவர் பெயர் வருகிறது, மரியாதையாக அல்ல. அவர் 1859-ல் சென்னை மாகாணத்துக்கு ஆளுநராக வந்தார், புதிய வரிகளை எதிர்த்துப் பகிரங்கமாகப் பேசியதற்காக அடுத்த ஆண்டே திருப்பி அழைக்கப்பட்டார். சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க் அவர் ஏற்படுத்தியது. ரிப்பன் மாளிகை, நேரு ஸ்டேடியம் எல்லாம் இன்றைக்கு நிற்பது அந்தப் பூங்கா இருந்த நிலத்தில். அங்கே பஞ்சத்தோடு சேர்த்து உச்சரிக்கப்படுகிற ஆள் இங்கே பூங்கா வைத்த புண்ணியவானாகப் பதிவாகியிருக்கிறார். சாம்ராஜ்யத்தில் இதெல்லாம் ஒரே உத்தியோகத்தின் வெவ்வேறு மாற்றல்கள், அவ்வளவுதான்.

கிரெகரியின் பண்ணை கூல் பார்க், கால்வே கவுண்டியில் கோர்ட் என்ற சின்ன நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பயணிகள் அங்கே போவது அவருக்காக இல்லை, அவருடைய மனைவி லேடி கிரெகரிக்காக. நாடகம் எழுதியவர், டப்ளின் ஆபி தியேட்டரைத் தொடங்கியவர்களில் ஒருவர். வீட்டுக்கு வந்த எழுத்தாளர்களை ஒரு பீச் மரத்தில் பெயரின் முதலெழுத்துகளைச் செதுக்கச் சொல்வாராம். யேட்ஸ், பெர்னார்ட் ஷா எல்லோரும் செதுக்கியிருக்கிறார்கள். மரம் இன்னும் இருக்கிறது, பட்டை வளர்ந்து எழுத்துகள் அகன்று கோணலாகிவிட்டன, சுற்றிலும் கம்பி வேலி. வீட்டை 1941-ல் இடித்துவிட்டார்கள். அதற்கு வருத்தப்படுகிற கட்டுரைகள் ஏராளம். கால் ஏக்கர் விதியால் இடிந்த வீடுகளை நினைத்துக்கொண்டு, வீடு இருந்த மேடையில் நின்றால் அவ்வளவு வருத்தம் வரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. கூரையில்லாத வீட்டைக் கண்டாலே பஞ்சம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அக்கில் தீவில் ஸ்லீவ்மோர் என்ற மலைச் சரிவில் 80, 100 கல் வீடுகளின் சுவர்கள் வரிசையாக நிற்கின்றன, 'பஞ்சத்தில் கைவிடப்பட்ட கிராமம்' என்று பலர் எழுதுகிறார்கள். உண்மையில் மக்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் கடற்கரைப் பக்கம் இறங்கிவிட்டார்கள், அப்புறமும் கோடையில் மாடு மேய்க்க வருகிறவர்கள் தங்கும் குடில்களாக 20-ஆம் நூற்றாண்டு வரை அவற்றைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பஞ்சத்தின் அடையாளம் வீட்டைவிட நிலத்தில்தான் தெளிவாகத் தெரியும். சாயங்கால வெயில் சாய்வாக விழும்போது மலைச் சரிவுகளைப் பாருங்கள், புல்லுக்கு அடியில் நீள நீளமான வரப்பு மேடுகள் வரிவரியாக எழும்பும். கையால் மண்ணை அணைத்து உருளைக்கிழங்கு நட்ட பாத்திகள். இன்றைக்கு ஆடு மட்டும் ஏறுகிற உயரம் வரைக்கும் அவை போகின்றன. அங்கே வரை போய் நட வேண்டிய அளவுக்கு ஆளும் தேவையும் இருந்திருக்கிறது.

சுவர்களும் அப்படித்தான். அரான் தீவுகளில் மண்ணே கிடையாது, வெறும் சுண்ணாம்புப் பாறை. பாறையிலிருந்து கல்லைப் பெயர்த்துச் சுவராக அடுக்கி, காலியான இடத்தில் கடற்பாசியும் மணலும் கொண்டுவந்து கொட்டி மண்ணை உண்டாக்கினார்கள். சொத்துப் பிரிக்கப் பிரிக்கக் கட்டங்கள் சின்னதாகிக்கொண்டே போயின. சில வயல்களில் வாசலே இருக்காது. உற்றுப் பார்த்தால் சுவரில் ஓரிடத்தில் மட்டும் கற்கள் வேறு மாதிரி, தளர்வாக அடுக்கியிருக்கும், இரண்டு பக்கமும் செங்குத்தாக ஒரு பெரிய கல் நிற்கும். மாட்டை உள்ளே விட வேண்டுமானால் அந்தக் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு, மாடு போனபின் திரும்ப அடுக்க வேண்டும். மரம் வளராத தீவில் கதவுக்குப் பலகை எங்கே போவது? சிமென்டோ சாந்தோ எதுவும் இல்லாமல், இடுக்குகள் வழியாகக் காற்றைப் போக விடுவதால்தான் அட்லான்டிக் புயலில் அது நிற்கிறது. இந்த வகைக் கல் அடுக்கும் கலையை யுனெஸ்கோ தன் பட்டியலில் வைத்திருக்கிறது, 2024-ல் அயர்லாந்தின் பெயரும் அதில் சேர்ந்தது.

பஞ்சத்துக்குப் பின் நிலம் எப்படிக் கை மாறியது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1879-ல் மேயோவில் மைக்கேல் டாவிட் முன்னின்று நிலச் சங்கம் ஆரம்பமானது. குத்தகை கட்டாமல் நின்றார்கள். 1880-ல் பாய்காட் என்ற பண்ணை மேலாளருக்கு அறுவடைக்கு ஒரு ஆள் வரவில்லை, கடைக்காரர்கூடச் சாமான் கொடுக்கவில்லை, அந்தச் சம்பவம்தான் உலகப் பிரசித்தம். கடைசியில் அரசே கடன் கொடுத்து, குத்தகைக்காரர்கள் நிலத்தை வாங்கிக்கொள்ள 1903 சட்டம் பெரிய அளவில் வழி செய்தது. ஒரே தலைமுறையில் நாடு சிறு நில உடைமையாளர்களின் நாடாகிவிட்டது. வாடகை வீட்டில் காலம் தள்ளுவதை இன்றைக்கும் அவர்கள் ஒரு குறையாகவே பார்ப்பதற்கும், டப்ளின் வாடகை பற்றி எந்த டாக்ஸி டிரைவரிடம் பேச்சுக் கொடுத்தாலும் பத்து நிமிடம் பொரிந்து தள்ளுவதற்கும் வேர் இங்கே இருக்கிறது.

ஊர் என்பதில் அவர்களுக்கு இருக்கும் பிடிப்பு நமக்குச் சட்டென்று புரியும். நாட்டுப்புறத்தில் நிலம் டவுன்லாண்டு என்ற சின்னச் சின்னப் பிரிவுகளாக இருக்கிறது. டவுன் என்று பெயரில் இருந்தாலும் நகரம் எதுவும் இருக்காது, நாலைந்து வீடும் வயலும்தான் இருக்கும். தீவு முழுக்க இப்படி 60,000-க்கு மேல் உண்டு, பல பெயர்கள் நூற்றாண்டுகளாகப் புழங்குபவை. 2015 வரைக்கும் அந்த நாட்டில் நாடு தழுவிய அஞ்சல் குறியீடே கிடையாது. கடிதத்தில் ஆள் பெயர், டவுன்லாண்டு, பக்கத்து ஊர், கவுண்டி, முடிந்தது. தெரு இல்லை, கதவு எண் இல்லை. மூன்றில் ஒரு பங்கு வீடுகளின் முகவரி பக்கத்து வீட்டு முகவரியோடு அப்படியே ஒத்துப்போகும், ஒரே குடும்பப் பெயரும் சேர்ந்துகொண்டால் தபால்காரர் மனசு வைத்தால்தான் உண்டு. 2015-ல் ஐர்கோடு வந்தது, ஒவ்வொரு முகவரிக்கும் தனித்தனியாக ஏழு எழுத்துக் குறியீடு. பயணிக்கு மகா உபகாரம், அதை மேப்பில் போட்டால் வாசலிலேயே கொண்டுபோய் நிறுத்தும். ஆனாலும் விருந்தினர் விடுதிக்காரம்மா போனில் வழி சொல்லும்போது, "சர்ச் தாண்டி, முன்பு பால் கூட்டுறவு இருந்த இடத்தில் இடது பக்கம் திரும்புங்கள்" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தக் கூட்டுறவை எடுத்தே முப்பது வருஷம் ஆகியிருக்கும்.

மரணத்துக்கு வருவோம். எனக்கு அயர்லாந்தில் எதையும்விட இதுதான் நெருக்கமாகப் பட்டது. மேயோ, டொனிகல், கெர்ரி மாதிரி இடங்களில் உள்ளூர் ரேடியோ நாளில் சில வேளை பாட்டை நிறுத்திவிட்டு இறப்பு அறிவிப்புகளை வாசிக்கும். பெயர், டவுன்லாண்டு, பிறந்த வீட்டுப் பெயர், உடல் எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை எங்கே இருக்கும், பூசை எப்போது, எந்தக் கல்லறை. கடைக்குள் நின்றுகொண்டிருந்தால் அந்தச் சில நிமிடங்களுக்குப் பேச்சு அடங்கும். 2005-ல் இதற்கென்றே ஆர்ஐபி என்ற இணையதளம் வந்தது, தினமும் காலையில் வானிலை பார்ப்பதுபோல அதைப் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். 2024-ல் ஐரிஷ் டைம்ஸ் நிறுவனம் அதை வாங்கியது, 2025 தொடக்கத்திலிருந்து ஓர் அறிவிப்புக்கு 100 யூரோ கட்டணம் வைத்ததும் நாடே முணுமுணுத்தது.

இறந்த இரண்டு, மூன்று நாளில் அடக்கம் முடிந்துவிடும். பக்கத்திலேயே இருக்கும் இங்கிலாந்தில் வாரக்கணக்கில் காத்திருப்பார்கள். இங்கே உடலை வீட்டிலோ அடக்க நிலையத்திலோ வைப்பார்கள், ஊரே வரிசையில் நிற்கும். இறந்தவரை நேரில் பார்த்தே இருக்க வேண்டியதில்லை, அவருடைய மகளோடு வேலை பார்க்கிறவர், அண்ணனிடம் டிராக்டர் வாங்கியவர், எல்லோரும் வருவார்கள். குடும்பத்தார் ஒரு பக்கம் உட்கார்ந்திருக்க, வருகிறவர் ஒவ்வொருவராகக் கை குலுக்கி ஒரே வாக்கியத்தைச் சொல்லி நகர்வார்: உங்கள் கஷ்டத்துக்கு வருந்துகிறேன். புதிதாக எதுவும் யோசித்துச் சொல்ல வேண்டாம், சொல்லவும் கூடாது. அப்புறம் டீ, ஹாம் சாண்ட்விச், பழ கேக். டீ போடும் கெட்டில் ஓயவே ஓயாது. பக்கத்து வீட்டுக்காரர்கள் கார் நிறுத்த வழிகாட்டிக்கொண்டு ரோட்டில் நிற்பார்கள். சில கிராமங்களில் குழி வெட்டுவதும் இன்னும் அக்கம்பக்கத்தார் வேலைதான். ஒரு மாதம் கழித்து ஒரு பூசை. கோவிட்டுக்குப் பிறகு தேவாலயங்களில் கேமரா நிரந்தரமாகிவிட்டது, சிட்னியிலும் பாஸ்டனிலும் இருக்கும் பிள்ளைகள் ராத்திரி விழித்திருந்து நேரலையில் பார்க்கிறார்கள். அந்தக் காலத்தில் அமெரிக்காவுக்குக் கிளம்புகிறவனுக்கு முந்தைய இரவு சாவு வீடு போலவே கண்விழித்துப் பாடி, குடித்து, அழுது வழியனுப்புவார்கள், ஏனென்றால் பெரும்பாலும் அவன் திரும்பி வரப்போவதில்லை. இப்படி உயிரோடு இருப்பவர்களையே இழந்து பழகிய சமூகம் இறந்தவர்களுக்காக இவ்வளவு தூரம் கார் ஓட்டிக்கொண்டு போவதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

ஆட்டமும் ஊர்க் கணக்குத்தான். கேலிக் தடகளச் சங்கம் 1884 நவம்பர் 1-ஆம் தேதி டிப்பரரியில் தர்லஸ் நகரத்து ஹோட்டல் ஒன்றில் தொடங்கப்பட்டது. ஹர்லிங்கும் கேலிக் கால்பந்தும் இதன் கீழே வருகின்றன. ஹர்லிங்கை ஒரு தடவை நேரில் பார்த்துவிடுங்கள்; ஆஷ் என்ற மரத்தில் செய்த கட்டையை இரண்டு கையாலும் வீசி, சின்னத் தோல் பந்தைத் தலைக்கு மேலே பறக்கவிடும் ஆட்டம், ஹெல்மெட் கட்டாயமானதே சமீபத்தில்தான். இதில் யாருக்கும் சம்பளம் கிடையாது. டப்ளின் க்ரோக் பார்க்கில் 82,300 பேர் முன்னால் இறுதி ஆட்டம் ஆடுகிற ஆள் மற்ற நாளில் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுப்பார் அல்லது மாடு கறப்பார். காசுக்காக ஊர் மாறி ஆடும் வழக்கமும் இல்லை. எந்தப் பங்கில் (ஒரு தேவாலயத்தின் கீழ் வரும் ஊர்ப்பகுதி) வளர்ந்தாரோ அந்தப் பங்கின் கிளப், எந்தக் கவுண்டியோ அந்த ஜெர்ஸி. 1920 நவம்பர் 21 அன்று இதே மைதானத்தில் பிரிட்டிஷ் படையினர் சுட்டதில் 14 பேர் இறந்தார்கள், அதில் ஒருவர் டிப்பரரி ஆட்டக்காரர் மைக்கேல் ஹோகன். ஒரு பக்கத்துப் பார்வையாளர் மாடம் அவர் பெயரில் இருக்கிறது. ரக்பி, கால்பந்து போன்ற 'வெளி' ஆட்டங்களை அங்கே விட மாட்டோம் என்ற விதியை 2005-ல்தான் தளர்த்தினார்கள். 2007-ல் இங்கிலாந்து ரக்பி அணி அங்கே வந்து, பிரிட்டனின் கீதம் அங்கே ஒலித்தபோது என்ன ஆகுமோ என்று எல்லோரும் பயந்தார்கள். மரியாதையாகக் கேட்டுவிட்டு, 43-13 என்று ஜெயித்து அனுப்பினார்கள்.

பப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதனால் நான் ஒன்றே ஒன்று சொல்கிறேன்: நாலு பேர் உட்கார்ந்தால் முறை வைத்து ஒவ்வொருவரும் எல்லோருக்கும் வாங்க வேண்டும். உங்கள் முறை வருவதற்குள் கிளம்பினால் அடுத்த தடவையும் ஞாபகம் வைத்திருப்பார்கள். குடிக்காதவர் சோடா குடித்துக்கொண்டே முறையில் சேர்ந்துகொள்ளலாம், யாரும் ஒன்றும் சொல்வதில்லை.

புகை வாசனை ஒன்று வரும், மேற்கே குளிர்காலச் சாயங்காலங்களில். டர்ஃப். சதுப்பில் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் செடிகள் மக்காமல் அமுங்கிக் கிடந்து உண்டாகும் கரிய மண். அதைச் செங்கல் அளவில் வெட்டி, நம் ஊரில் வறட்டியைக் காய வைத்து அடுக்குவதுபோல வெயிலிலும் காற்றிலும் காய வைத்து அடுக்கி, அடுப்பெரிக்க வீட்டுக்குக் கொண்டுவருவார்கள். எந்தக் குடும்பத்துக்கு எந்தச் சதுப்பில் வெட்டும் உரிமை என்பதற்குப் பத்திரம்கூட உண்டு. இப்போது சுற்றுச்சூழல் பிரச்சினை. சதுப்பு என்பது பெரிய கார்பன் கிடங்கு, வெட்டினால் கரியமில வாயு வெளியேறும். அரசு நிறுவனமான போர்ட் ந மோனா, பீட் எனப்படும் இந்தச் சதுப்பு மண்ணை எடுப்பதை நிறுத்திவிட்டதாக 2021-ல் அறிவித்தது, 2022 அக்டோபர் முதல் கடையிலும் இணையத்திலும் டர்ஃப் விற்கத் தடை. உரிமை உள்ளவர் தனக்கு வெட்டிக்கொள்ளலாம். இந்தச் சட்டம் வந்தபோது கிராமங்களில் இருந்த கோபத்தைப் பார்த்து டப்ளின்காரர்கள் சிரித்தார்கள், எனக்கென்னவோ கிராமத்துக்காரர்கள் பக்கம்தான் கொஞ்சம் சாய்வு. எரிபொருளுக்குக் காசு கொடுத்தே பழக்கமில்லாத பெரியவர்களிடம் ஹீட் பம்ப் வாங்கச் சொன்னால் எப்படி? ஆனால் அறிவியல் அவர்கள் பக்கம் இல்லை என்பதும் உண்மை.

சதுப்பு இன்னொன்றும் செய்திருக்கிறது, பாதுகாத்து வைத்திருக்கிறது. 1930-களில் மேயோவின் வடக்குக் கரையில் பேட்ரிக் கால்ஃபீல்ட் என்ற பள்ளி ஆசிரியர் டர்ஃப் வெட்டும்போது அடியில் கற்கள் தட்டுப்படுவதையும் அவை வரிசையாகக் கிடப்பதையும் கவனித்தார். பிற்பாடு தொல்லியல் படித்த அவருடைய மகன் ஷேமஸ் இரும்புக் கம்பியைச் சதுப்புக்குள் குத்திக் குத்தி, கல் தட்டுகிற ஆழத்தைக் குறித்துக்கொண்டே போய், மண்ணுக்குள் புதைந்திருந்த வயல் சுவர்களின் வலையையே வரைபடமாக்கினார். கேய்ஜே (Céide) வயல்கள் என்று பெயர். 5,000 ஆண்டுகளுக்கு மேல் பழமை என்று பெரும்பாலோரும், அவ்வளவு இருக்காது என்று சிலரும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். வயதைப் பற்றிச் சண்டை நடந்தாலும், டர்ஃப் வெட்டுகிற ஒரு வாத்தியார் கண்ணில் பட்டதுதான் தொடக்கம்.

மதத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குப் பழைய படம்தான் மனதில் இருக்கிறது. அரசு ஒலிபரப்பில் 1950 முதல் இன்று வரை கத்தோலிக்க ஜெப மணி அடிக்கிறது, டிவியில் மாலைச் செய்தி 6 மணிக்கு இல்லாமல் 6.01-க்கு ஆரம்பிப்பதே அதற்காகத்தான். அதே நாடு 1995-ல் விவாகரத்தை மயிரிழையில் அனுமதித்து, 2015-ல் 62 சதவீத வாக்கோடு ஒருபால் திருமணத்தையும், 2018-ல் 66 சதவீத வாக்கோடு கருக்கலைப்பையும் ஏற்றுக்கொண்டது. நடுவில் நடந்தது என்ன என்று கேட்டால் கால்வே கவுண்டியின் டுவம் நகரத்தைக் காட்டுவார்கள். 1925 முதல் 1961 வரை அங்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய, மணமாகாத தாய்மாருக்கான விடுதியில் 796 குழந்தைகள் இறந்ததையும், அவர்களுக்கு அடக்கப் பதிவே இல்லாததையும் கேத்தரின் கார்லஸ் என்ற உள்ளூர் வரலாற்று ஆர்வலர் தனி ஆளாகத் தேடி வெளிக்கொண்டுவந்தார். அங்கே முறையான அகழ்வு 2025 ஜூலையில்தான் ஆரம்பித்தது. சாவுக்கு அவ்வளவு மரியாதை செய்கிற ஊர்களில் இது நடந்திருக்கிறது என்பதால்தான் அந்தக் கோபம் அடங்கவில்லை.

சர்ச்சுக்குப் போவது குறைந்தாலும் தேவதை மரத்தை, அதாவது தேவதைகளுக்குச் சொந்தம் என்று நம்பப்படும் முள்மரத்தை, வெட்ட இன்றைக்கும் பலர் துணிய மாட்டார்கள். கிளேர் கவுண்டியில் லாட்டூன் என்ற இடத்தில் 1999-ல் ஒரு முள்மரத்தைக் காப்பாற்ற, எடி லெனிஹன் என்ற கதைசொல்லி பத்திரிகைகளுக்கு எழுதிப் பெரிய பிரச்சினையாக்க, நெடுஞ்சாலையே ஒதுங்கிப் போனது. நம்புகிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார்கள். வெட்டுவீர்களா என்றால் அதற்கும் இல்லை என்பார்கள்.

இப்போது வெளியே போகிறவர்களோடு உள்ளே வருகிறவர்களும் இருக்கிறார்கள். 2022 கணக்கில் இந்தியக் குடிமக்கள் மட்டும் 45,000-க்கு மேல். ஆஸ்பத்திரியில் கேரள நர்ஸ்களைப் பார்க்காமல் வர முடியாது, ஐடி கம்பெனிகளில் தமிழும் கேட்கும். மேயோவில் பாலிஹானிஸ் என்ற சின்ன ஊரில் ஹலால் இறைச்சி ஆலை வந்ததால் 1987-லேயே பள்ளிவாசல் கட்டினார்கள், அங்கே பாகிஸ்தானிய, சிரியக் குடும்பத்துப் பிள்ளைகள் ஹர்லிங் ஆடுகிறார்கள். எல்லாம் இப்படி இனிப்பாக இல்லை. 2023 நவம்பரில் டப்ளினில் வெளிநாட்டவருக்கு எதிரான கலவரம் நடந்தது. 2025 ஜூலையில் டப்ளின் புறநகரான டாலட்டில் ஓர் இந்தியர் கடுமையாகத் தாக்கப்பட்டு, அதைத் தொடர்ந்து வேறு சம்பவங்களும் வர, ஆகஸ்டில் இந்தியத் தூதரகமே ஆள் நடமாட்டமில்லாத இடங்களைத் தவிர்க்கும்படி எச்சரிக்கை விட்டது. வீட்டுத் தட்டுப்பாட்டின் எரிச்சல் வெளியாட்கள் மேல் திரும்புகிறது என்று சொல்கிறார்கள், பாதிதான் உண்மை. கல்லெறிகிற பதினைந்து வயதுப் பையனுக்கும் வாடகைக்கும் என்ன சம்பந்தம்? போகிறவர்கள் பயப்பட வேண்டாம், டப்ளினில் இரவு நேரத்தில் கவனமாக இருந்தால் போதும்.

கடைசியாக, பாரம்பரியம் என்றால் கோட்டையும் அருங்காட்சியகமும்தான் என்று பட்டியல் போடுகிறவர்களுக்கு ஒன்று. 1937 முதல் 1939 வரை அயர்லாந்து அரசின் நாட்டுப்புறவியல் ஆணையம் ஒரு வேலை செய்தது. 26 கவுண்டிகளில் சுமார் 5,000 தொடக்கப் பள்ளிகளின் மேல் வகுப்புப் பிள்ளைகள், ஏறக்குறைய 50,000 பேர், கட்டுரைப் பாடத்துக்குப் பதிலாக வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் இருக்கும் கிழவன் கிழவிகளிடம் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். என்ன கேட்பது என்பதற்குத் தலைப்புகள் கொடுத்தார்கள்: கைவைத்தியம், ஊர்க் கிணறு, பேய்க் கதை, வெண்ணெய் கடைவது, பெரிய புயல், பஞ்சம். அந்தப் பெரியவர்களில் பலருடைய பெற்றோர் பஞ்சத்தை நேரில் பார்த்தவர்கள். சொன்னவர் பெயர், வயது, டவுன்லாண்டு எல்லாவற்றையும் பிள்ளைகள் கீழே குறித்திருக்கிறார்கள். அத்தனை நோட்டுகளும் இன்று டப்ளின் யூனிவர்சிட்டி காலேஜில் இருக்கின்றன, டூகஸ் என்ற இணையதளத்தில் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள், காசு கட்ட வேண்டியதில்லை. பெரும்பகுதி ஆங்கிலத்திலேயே இருக்கிறது. கையெழுத்து குண்டு குண்டாக, அங்கங்கே மை கொட்டி. தட்டச்சு செய்ததில் பெரும்பங்கு தன்னார்வலர்கள் கைவேலை. நீங்கள் தங்கப்போகும் ஊரின் பெயரைப் போட்டுத் தேடினால், எந்த வயலில் எந்த மேட்டைத் தொடக் கூடாது, எந்தக் கிணற்றுத் தண்ணீர் பல்வலிக்கு நல்லது, பஞ்சத்தில் எந்தப் பாதை வழியாக ஏழை விடுதிக்கு நடந்தார்கள் என்பது வரைக்கும் கிடைக்கும். வழிகாட்டிப் புத்தகம் வாங்குவதற்கு முன்னால் அதைப் பாருங்கள்.